ஓராண்டு, ஒரு கேள்வி: கலைப் பாடங்களில் இறுதியாண்டு ஆய்வேடு

1951ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் உள்ள ரீட் கல்லூரியில், கேரி ஸ்னைடர் என்ற மாணவர் தம் இளங்கலைப் பட்டத்துக்காக ஓர் ஆய்வேட்டைக் கொடுத்தார். கனடாவின் மேற்குக் கரையை ஒட்டிய தீவுகளில் வாழும் ஹைடா மக்களிடம் வழங்கிய ஒரே ஒரு கதைதான் அதன் பொருள். பறவை வேட்டைக்குப் போன ஒருவன், தோலைக் கழற்றி வைத்துவிட்டு நீராடிக்கொண்டிருந்த காட்டு வாத்துப் பெண்ணைக் கண்டு அவளை மணக்கிறான். பிறகொரு நாள் அவள் மனம் நொந்து தோலைப் போர்த்திக்கொண்டு பறந்துவிட, அவன் வானுலகம் வரை தேடிப் போகிறான். கடைசியில் அவனே ஒரு கடற்பறவையாகிவிடுகிறான். ஜான் ஸ்வான்டன் என்ற இனவரைவியலாளர் திரட்டி 1905இல் அச்சிட்ட ஹைடாக் கதைகளில் அது ஒன்று. படித்து முடிக்கச் சில நிமிடம் போதும். ஸ்னைடர் அந்தக் கதையை அதைச் சொன்ன மக்களின் வாழ்க்கைக்குள் வைத்துப் பார்த்தார். பிற நாடுகளில் வழங்கும் அதன் உடன்பிறப்புக் கதைகளோடு ஒப்பிட்டார். கதை என்பது ஒரு சமூகத்துக்கு எதைச் செய்து கொடுக்கிறது என்று கேட்டார். பின்னாளில் அவர் பெயர்பெற்ற கவிஞரானார், 1975இல் புலிட்சர் பரிசும் பெற்றார். அந்த மாணவ ஆய்வேடு 1979இல் புத்தகமாகவே வெளிவந்தது.

எல்லா ஆய்வேடும் இப்படிப் புத்தகமாவதில்லை. ஆகவும் வேண்டியதில்லை. இங்கே கவனிக்க வேண்டியது வேறு: ஸ்னைடர் தனிச்சலுகை பெற்று அதை எழுதவில்லை. ரீட் கல்லூரியில் பட்டம் பெறும் ஒவ்வொருவரும், இயற்பியல் படித்தாலும் இலக்கியம் படித்தாலும், இறுதியாண்டு முழுவதும் ஒரே பொருளில் உழைத்து ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் தொடக்க காலத்திலிருந்தே உள்ள விதி.

நம் பக்கத்தில் இறுதியாண்டு ‘ப்ராஜெக்ட்’ என்றதும் பொறியியல் கல்லூரிதான் நினைவுக்கு வரும். வரலாறோ இலக்கியமோ தத்துவமோ ஓவியமோ படிக்கும் பிள்ளை கடைசி ஆண்டில் என்ன ‘ப்ராஜெக்ட்’ செய்துவிட முடியும் என்று கேட்போர் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளில் சில இந்தக் கேள்விக்கு நூறாண்டாகப் பதில் சொல்லி வந்திருக்கின்றன. அந்தப் பதில் எப்படி உருவானது, ஓராண்டுக்குள் அது எப்படி நடக்கிறது, அதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதைப் பார்க்கலாம். இந்தியாவின் நான்காண்டு இளங்கலைத் திட்டமும் இதே ஏற்பாட்டைக் கையில் எடுத்திருப்பதால், இது அயல்நாட்டு வேடிக்கையாக மட்டும் இனி இருக்கப் போவதில்லை.

பெயர் இடத்துக்கு இடம் மாறும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் ரீடிலும் அது ஆய்வேடு. நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையை அடுத்த பார்ட் கல்லூரியில் ‘சீனியர் ப்ராஜெக்ட்’. ஒகையோ மாநிலத்து ஊஸ்டர் கல்லூரியில் ‘தற்சார்புக் கற்கை’ என்று பொருள்படும் பெயர். ஹார்வர்டில் பெரும்பாலான துறைகளில் இது கட்டாயமில்லை. சிறப்புத் தகுதியோடு பட்டம் பெற விரும்புவோர் எழுதுவார்கள். வரலாறும் இலக்கியமும் இணைந்த துறை போன்ற ஓரிரு துறைகளில் மட்டும் அனைவரும் எழுத வேண்டும். கட்டாயமா விருப்பமா என்பது சிறு வேறுபாடு போலத் தோன்றினாலும், அதைப் பொறுத்தே கல்லூரியின் முழு அமைப்பும் மாறும். விருப்பம் என்றால் நன்றாகப் படிக்கும் சிலருக்கு நேரம் ஒதுக்கினால் போதும். கட்டாயம் என்றால், மூன்றாண்டும் தட்டுத்தடுமாறி வந்த மாணவரையும் ஒரு கேள்வியோடு உட்கார வைத்து, அவரோடு யாராவது ஒருவர் வாரந்தோறும் பேசியாக வேண்டும்.

ஆய்வேட்டைக் குறிக்கும் ‘தீசிஸ்’ என்ற சொல் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தபோது அதற்கு இன்றைய பொருள் இல்லை. அன்று அது ஒற்றை வரி. 1642இல் ஹார்வர்டில் முதல் ஒன்பது பேர் பட்டம் பெற்றபோது, அவர்கள் வாதிட ஆயத்தமாக இருந்த கூற்றுகள் லத்தீனில் பட்டியலிடப்பட்டன. இலக்கணம், அணியிலக்கணம், தருக்கம், இயற்பியல் என்று துறைவாரியாக ஒவ்வொன்றும் ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் அவையில் எழுந்து பேசுவதே தேர்ச்சியின் அடையாளம். எழுத்து அங்கே இரண்டாம் பட்சம், வாய்தான் முதல். நம் மரபில் அவையில் நூல் அரங்கேற்றிய புலவர் குறுக்கிட்டவர்களுக்கு விடை சொல்ல வேண்டியிருந்ததை இதனோடு சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். இடமும் காலமும் வேறு. ஆனால் தெரிந்ததை நாலு பேர் நடுவில் நின்று காக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஒன்றே.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கல்லூரியின் இறுதியாண்டுக்கு முடிசூட்டியது ஆய்வேடு அன்று, அறவியல் பாடம். கல்லூரித் தலைவரே, பெரும்பாலும் அவர் ஒரு மதகுருவாகவும் இருப்பார், கடைசி ஆண்டு மாணவருக்கு அதை நடத்துவார். நான்காண்டு படித்ததையெல்லாம் ஒரே அற நோக்கில் தொகுத்துக் கட்டுவது அதன் நோக்கம். தொகுப்பவர் ஆசிரியர், கேட்பவர் மாணவர். இந்த ஏற்பாட்டை இரண்டு மாற்றங்கள் கலைத்தன. 1876இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஜெர்மானியக் கருத்தரங்கு முறையைக் கொண்டுவந்தது. மூல ஆவணத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு ஆசிரியரும் மாணவரும் சுற்றி உட்கார்ந்து விவாதிக்கும் முறை அது. மறுபுறம், 1869 முதல் 1909 வரை ஹார்வர்டின் தலைவராக இருந்த சார்ல்ஸ் எலியட், மாணவர் விரும்பிய பாடங்களைத் தாமே தேர்ந்துகொள்ளும் முறையை விரிவாக்கினார். விளைவு எதிர்பார்க்கக் கூடியதுதான். எளிதான பாடங்களாகப் பொறுக்கிப் பட்டம் வாங்கிப் போனவர்கள் பெருகினர். எலியட்டுக்குப் பின்வந்த லாரன்ஸ் லோவெல், ஒரு துறையில் ஆழமாகவும் பிறவற்றில் பரவலாகவும் படித்தாக வேண்டும் என்று கடிவாளம் போட்டார்.

ஒரு துறையில் ஆழம் வேண்டும் என்று விதித்த பிறகு, அந்த ஆழம் வந்துவிட்டதா என்பதை எப்படி அறிவது? இதற்கு விடையாகத்தான் இறுதியாண்டு ஆய்வேடு வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ரோட்ஸ் உதவித்தொகையில் படித்துத் திரும்பிய ஃப்ராங்க் எய்டெலாட், 1922இல் ஸ்வார்த்மோர் கல்லூரியில் சிறு குழுக் கருத்தரங்குகளையும் வெளியார் நடத்தும் தேர்வையும் கொண்ட சிறப்புத் திட்டத்தைத் தொடங்கினார். பிரின்ஸ்டன் 1920களில் தன் பாடத்திட்டத்தை மாற்றி, மூத்த மாணவரின் வகுப்புகளைக் குறைத்து, அந்த நேரத்தைத் தனி ஆய்வுக்குத் திருப்பிவிட்டது. 1860இல் புனித ஸ்டீவன் பெயரில் தொடங்கிய சிறு கல்லூரி 1934இல் பார்ட் கல்லூரி என்று பெயர் மாறிய காலத்தில், டொனால்ட் ட்யூக்ஸ்பரி என்ற கல்வியாளர் அதன் பாடத்திட்டத்தையே தலைகீழாக்கி, இறுதியாண்டுப் படைப்பை அதன் மையத்தில் வைத்தார். ஊஸ்டர் கல்லூரி 1940களின் இறுதியில் ஹோவர்ட் லௌரியின் தலைமையில் இதையே அனைவருக்கும் விதித்தது. பொதுவாக ஒரு கல்லூரியில் மிகச் சிறந்த மாணவருக்கு மட்டும் கிடைப்பதை எல்லோருக்கும் கொடுத்துப் பார்ப்போம் என்பது அங்கே இருந்த துணிச்சல். பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் இதன் பக்கம் திரும்பியது வெகு தாமதமாகத்தான். ஆய்வுப் பல்கலைக்கழகங்களின் இளங்கலைக் கல்வியை ஆராய்ந்த பாயர் ஆணையத்தின் 1998ஆம் ஆண்டு அறிக்கை அந்தக் கல்வியை ஒரு நிறைவுப் பணியோடு முடிக்கச் சொன்னது. 2008இல் கல்வி ஆய்வாளர் ஜார்ஜ் கூ வெளியிட்ட பட்டியலில் கற்றலை ஆழமாக்கும் பத்து நடைமுறைகளுள் ஒன்றாக இது இடம்பெற்றது. அதற்குப் பிறகு இது கல்லூரி விளம்பரத் தாள்களிலும் ஏறிவிட்டது.

இனி அந்த ஓராண்டுக்கு வருவோம். உண்மையில் அது ஓராண்டில் தொடங்குவதில்லை. பார்ட் கல்லூரியில் இரண்டாம் ஆண்டின் இறுதியிலேயே ஒவ்வொரு மாணவரும் மூன்று ஆசிரியர்கள் முன் அமர்ந்து, இதுவரை என்ன படித்தேன், இனி எதை நோக்கிப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துப் பேச வேண்டும். அதில் தேறினால்தான் துறைக்குள் முழுமையாக நுழைய முடியும். ரீட் கல்லூரியில் மூன்றாம் ஆண்டின் முடிவில் தகுதித் தேர்வு ஒன்று உண்டு. அதைத் தாண்டாதவர் ஆய்வேட்டைத் தொடங்க முடியாது. பிரின்ஸ்டனில் மூன்றாம் ஆண்டிலேயே சிறிய ஆய்வுக் கட்டுரைகளை எழுதிப் பழக வேண்டும். ஆக, இறுதியாண்டில் மாணவர் திடீரென்று குளத்தில் தள்ளப்படுவதில்லை. படிக்கட்டு இருக்கிறது. இந்தப் படிக்கட்டைத்தான் பிறர் நகலெடுக்கும்போது பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

முதல் இரண்டு மாதம் கேள்வியைக் கண்டுபிடிப்பதிலேயே போகும். ஆய்வேட்டுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களான நெறியாளர்கள் எல்லாத் துறையிலும் ஒரே குரலில் சொல்வது, மாணவர் கொண்டுவருவது கேள்வி அன்று, தலைப்பு என்பதே. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். “போரும் நினைவும் பற்றி எழுதப் போகிறேன்” என்று ஒரு மாணவி வருகிறார். எந்தப் போர் என்று நெறியாளர் கேட்கிறார். முதல் உலகப் போர் என்கிறார். யாருடைய நினைவு? படைவீரர்களுடையது. எங்கே கிடைக்கும் அந்த நினைவு, எந்த மொழியில், எத்தனை பக்கம், உன்னால் படிக்க முடியுமா? இப்படிக் கேட்டுக் கேட்டு மூன்றாவது வாரம், கல்லூரி ஆவணக் காப்பகத்திலேயே ஒரு செவிலியர் வீட்டுக்கு எழுதிய கடிதக் கட்டு இருப்பது தெரியவருகிறது. ஐந்தாவது வாரம், அவர் காயங்களைப் பற்றி எழுதும் இடங்களில் மட்டும் வாக்கியங்கள் பாதியில் நின்றுவிடுவதை மாணவி கவனிக்கிறார். எதைச் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை, அன்றைய அஞ்சல் தணிக்கை காரணமா, தாய்க்கு எழுதுகிறோம் என்ற தயக்கமா? கேள்வி பிறந்துவிட்டது. போரும் நினைவும் என்ற தலைப்பில் ஆயிரம் புத்தகம் இருக்கலாம். அந்தக் கடிதக் கட்டைப் பற்றி ஒன்றும் இருக்காது. ஸ்னைடர் ‘செவ்விந்தியர் இலக்கியம்’ என்று எழுதாமல் ஒரே ஒரு கதையைப் பிடித்துக்கொண்டதன் சூட்சுமமும் இதுவே. சிறிய பொருள், ஆனால் அதற்குப் பல வாசல்கள்.

துறைக்குத் துறை உழைப்பின் தன்மை மாறும். வரலாற்று மாணவருக்கு மூல ஆவணம் முக்கியம். அதைவிட, அந்த ஆவணத்தை முன்பு படித்தவர்கள் என்ன சொன்னார்கள், அவர்களோடு எங்கே உடன்படுகிறோம், எங்கே மறுக்கிறோம் என்பது முக்கியம். இலக்கிய மாணவர் ஒரே நாவலை ஏழெட்டு முறை படிப்பார். தத்துவ மாணவரின் ஆய்வேடு பெரும்பாலும் மெலிந்திருக்கும். ஒரே வாதத்தை எதிர்வாதங்களிலிருந்து காப்பாற்றுவதற்குள் ஆண்டு முடிந்துவிடும். மொழி படிப்பவர் ஒரு மொழிபெயர்ப்பையே இறுதிப் படைப்பாகக் கொடுக்கலாம். அது எளிய வழி என்று நினைப்பவர்கள் ஒரு பக்கம் மொழிபெயர்த்துப் பார்க்க வேண்டும். முன்னுரையில் ஒவ்வொரு தேர்வுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும்; இந்தச் சொல்லை ஏன் விட்டாய், இந்த ஓசையை ஏன் பலி கொடுத்தாய் என்ற கேள்விகளுக்கு “நன்றாக இருந்தது” என்பது விடையாகாது.

ஓவியம், சிற்பம், இசை, நாடகம், கவிதை என்று வரும்போது சிக்கல் இன்னும் ஆழமாகிறது. இசை மாணவர் ஒரு கச்சேரி செய்வார், அதோடு நிகழ்ச்சிக் குறிப்பும் எழுதுவார். நாடக மாணவர் ஒரு நாடகத்தை இயக்கி, ஒத்திகைக் காலம் முழுவதும் எழுதிய குறிப்பேட்டையும் சேர்த்துக் கொடுப்பார். ஓவியர் கண்காட்சி வைப்பார், சுவரில் ஒரு பக்க விளக்கமும் மாட்டுவார். இந்த ஒரு பக்க விளக்கம்தான் கலை மாணவருக்கு எமன். கைக்குத் தெரிந்ததைச் சொல்லில் வைக்கச் சொன்னால், நல்ல ஓவியர்களும் இரவல் சொற்களைத் தேடி ஓடுகிறார்கள். அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டால் என்ன என்று எனக்கே தோன்றியதுண்டு. ஆனால் அது இல்லாவிட்டால் மதிப்பீட்டாளருக்குக் கிடைப்பது தம் ரசனை மட்டுமே. மாணவர் எதைச் செய்ய முயன்றார் என்பது தெரிந்தால்தான், அந்த முயற்சிக்கு எவ்வளவு நெருங்கினார் என்று பேச முடியும். பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்ற பேச்சிலிருந்து தப்ப வேறு வழி இதுவரை யாருக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

அப்படியும் மதிப்பெண் தவறலாம். 1981இல் வாஷிங்டனில் வியட்நாம் போரில் இறந்த வீரர்களுக்கான நினைவிடத்துக்குத் திறந்த போட்டி நடந்தது. 1,421 வடிவமைப்புகள் வந்தன. பெயர் மறைத்து எண் மட்டும் இடப்பட்ட அந்தக் குவியலில் 1026ஆம் எண்ணுக்குப் பரிசு கிடைத்தது. பிரித்துப் பார்த்தால், யேல் பல்கலைக்கழகத்தில் இளங்கலை இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த 21 வயது மாயா லின். நினைவிடக் கட்டடக்கலை பற்றிய கருத்தரங்கு வகுப்பு ஒன்றில் அவர் செய்த வேலை அது. முறையான இறுதியாண்டு ஆய்வேடு அன்று என்றாலும் அதன் நெருங்கிய உறவு. நிலத்தைக் கத்தியால் கீறியது போல இரண்டு கருங்கல் சுவர்கள், அவற்றில் இறந்தவர் பெயர்கள், வேறு சிலையோ தூணோ இல்லை. வகுப்பில் அதற்குக் கிடைத்தது ‘பி’ என்ற நடுத்தர மதிப்பெண்தான் என்று அவர் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் தவறாமல் சொல்வார்கள். மறு ஆண்டு நவம்பரில் நினைவிடம் திறக்கப்பட்டது. இதை ஆசிரியரின் குருட்டுத்தனத்துக்குச் சான்றாகக் காட்டுவது எளிது. எனக்கு அப்படிப் படவில்லை. அந்த இடத்தை நேரில் போய்ப் பார்க்க வைத்ததும், சாவைப் பற்றி ஒரு பருவம் முழுவதும் யோசிக்க வைத்ததும் அதே வகுப்புதான். மதிப்பெண் அந்த ஏற்பாட்டின் மிக மெலிந்த பகுதி.

படைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போகும் நேரமும் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காட்சிக்கலை படித்த மாணவர் ஒருவர், தம் பாலியல் புகாரைப் பல்கலைக்கழகம் கையாண்ட விதத்தை எதிர்த்து, 2014 செப்டம்பர் முதல் 2015 மே மாதப் பட்டமளிப்பு வரை சுமார் 23 கிலோ எடையுள்ள மெத்தையை வளாகத்துக்குள் போகுமிடமெல்லாம் சுமந்தார். அதுவே அவருடைய இறுதியாண்டு ஆய்வேடு. பல்கலைக்கழக விசாரணையோ, குற்றம் சாட்டப்பட்டவர் பொறுப்பாளி அல்லர் என்று முன்பே முடிவு செய்திருந்தது. துறை மதிப்பிட வேண்டியது சுமப்பு என்ற நிகழ்த்துகலையை. வெளியே உலகம் பேசியதோ வழக்கைப் பற்றி. இரண்டையும் பிரிக்க முடியும் என்று சொன்னவர்களும், பிரிப்பதே தவறு என்றவர்களும் ஒரே துறையிலிருந்து வந்தார்கள் என்றால் வியப்பில்லை.

எழுதி முடித்ததும் வருவது வாய்மொழித் தேர்வு. ரீட் கல்லூரியில் நெறியாளரோடு சேர்ந்து நான்கு பேர் உட்காருவார்கள். அவர்களில் ஒருவர் வேறு துறைப் பிரிவைச் சேர்ந்தவராக இருப்பார். இரண்டு மணி நேரம் வரை போகும். அந்த வெளித்துறை ஆசிரியர் முக்கியமானவர். துறைக்குள் எல்லோரும் தலையசைக்கும் ஒரு கலைச்சொல்லை, “அப்படியென்றால் என்ன?” என்று கேட்கக் கூடியவர் அவர் ஒருவரே. அங்கே தடுமாறாதவர் குறைவு. நம் ‘வைவா’க்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விந்தையாக இருக்கும்: கேள்வி கேட்பவர்கள் உண்மையிலேயே அதைப் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

இதற்கு முன்பே கொண்டாட்டம் முடிந்திருக்கும். ஆய்வேட்டைக் கொடுக்கும் நாளில் ரீட் மாணவர்கள் நூலகத்திலிருந்து பதிவாளர் அலுவலகம் வரை ஊர்வலமாகப் போவார்கள். பழைய வரைவுகளைத் தீயிலிட்டுக் கொளுத்துவார்கள். ஊஸ்டரில் ‘பேக்பைப்’ என்ற துருத்திக் குழல் ஊத ஊர்வலம் நடக்கும். ஆய்வேட்டைக் கொடுத்தவர் கையில் ஒரு சாக்லேட் மிட்டாய் வைக்கப்படும். ஓராண்டு உழைப்புக்கு ஒரு மிட்டாய் என்று அவர்களே கேலி செய்துகொண்டாலும், பல ஆண்டுக்குப் பிறகும் அந்த மிட்டாயைச் சாப்பிடாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது வளாகத்துப் பேச்சு.

எப்போதாவது ஒரு மாணவ ஆய்வேட்டுக்கு அரசியல் மறுபிறவியும் வாய்ப்பதுண்டு. பின்னாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சரான ஹென்றி கிஸ்ஸிங்கர் 1950இல் ஹார்வர்டில் வரலாற்றின் பொருள் பற்றி எழுதியது 380 பக்கத்தையும் தாண்டியது. அதன் பிறகுதான் பக்க வரம்பு வந்தது என்ற கதை அங்கே வழங்குகிறது. சமூக அமைப்பாளர் சால் அலின்ஸ்கியைப் பற்றி ஹில்லரி ரோடம் (பின்னாளில் ஹில்லரி கிளின்டன்) 1969இல் வெல்லெஸ்லி கல்லூரியில் எழுதிய ஆய்வேடு, அவர் கணவர் அதிபராக இருந்த காலம் முழுவதும் பிறர் பார்வைக்கு மூடப்பட்டிருந்தது. மூடிய அலமாரி ஊகங்களை வளர்த்தது. திறந்து படித்தவர்களுக்குக் கிடைத்தது, நிதானமாக எடைபோடும் ஒரு நல்ல மாணவியின் கட்டுரை. 2008 தேர்தல் நேரத்தில் மிஷெல் ஒபாமா 1985இல் பிரின்ஸ்டனில் எழுதியதற்கும் இதே கதி நேர்ந்தது. இருபத்தோரு வயதில் யோசித்துப் பார்த்ததை வாழ்நாள் கொள்கை அறிக்கையாகப் படிப்பது அரசியலுக்கு இயல்பு. ஆய்வேடு என்பது ஒருவர் நின்ற இடம் அன்று, நடந்து பார்த்த தடம்.

விலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காகிதச் செலவோ நூலகச் செலவோ பெரிதில்லை. ஆசிரியரின் நேரம்தான் விலை. ஒரு நெறியாளருக்கு ஆறு மாணவர், வாரம் ஒரு மணி நேரம், இரண்டு பருவத்துக்கு 28 வாரம் என்று வைத்துக்கொண்டால் பேச்சுக்கு மட்டும் 168 மணி நேரம். வரைவுகளைப் படித்துத் திருத்துவது தனி. அதே கணக்கில் 40 மாணவர் என்றால் 1,120 மணி நேரம். அது ஓர் ஆசிரியரின் முழு ஆண்டு வேலையையும் விழுங்கிவிடும். அமெரிக்காவிலேயே இதைக் கட்டாயமாக்கியவை பெரும்பாலும் சில ஆயிரம் மாணவரைத் தாண்டாத, கட்டணம் மிகுந்த கல்லூரிகள் என்பதற்குக் காரணம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகம், நான்காண்டு இளங்கலையில் ஆய்வுடன் கூடிய சிறப்புப் பட்டத்தை வைத்திருக்கிறது. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடோ அதற்கு மேலோ பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் 12 மதிப்பலகுக்கு (கிரெடிட்) ஆய்வேடு செய்யலாம். மொத்தம் 160 மதிப்பலகு. 2022இல் சேர்ந்த தில்லிப் பல்கலைக்கழக மாணவர்கள் 2025இல் நான்காம் ஆண்டுக்குள் வந்தார்கள். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் இன்னும் மூன்றாண்டு இளங்கலைதான் வழக்கம். எந்தப் பக்கம் சரி என்பது வேறு விவாதம். விதித்தாளில் 12 மதிப்பலகு எழுதுவது எளிது, வாரம் ஒரு மணி நேரம் காதுகொடுக்கும் ஆசிரியரை எழுத முடியாது என்பதுதான் இங்கே சொல்ல வேண்டியது.

அந்த ஆசிரியர் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை நம் கல்லூரி வாசல்களில் பார்க்கலாம். மார்ச் மாதம் வந்தால் ஜெராக்ஸ் கடையில் கூட்டம். மேசைக் கண்ணாடியின் கீழே மாதிரி அட்டைகள். கறுப்பு ரெக்சின், மெரூன் ரெக்சின், தங்க எழுத்துக்குத் தனிக் காசு. “தீசிஸா, ப்ராஜெக்டா?” என்று கேட்பார் கடைக்காரர்; தீசிஸுக்கு ஹார்ட் பைண்டிங், ப்ராஜெக்டுக்கு ஸ்பைரல். சான்றிதழ்ப் பக்கம், உறுதிமொழிப் பக்கம், நன்றிப் பக்கம் எல்லாம் அவர் கணினியிலேயே இருக்கும். பெயரையும் பதிவெண்ணையும் மாற்றினால் போதும். கைடு கையெழுத்துப் போடும்போது முதல் பக்கத்தைத் தவிர வேறு பக்கம் திறக்கப்படுவது அரிது. அந்த மாணவரைக் குறை சொல்ல மனம் வருவதில்லை. யாரும் படிக்காததை யாருக்காக எழுதுவது?

தமிழிலேயே இதற்கு மாறான ஒரு மரபும் உண்டு. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் படிப்போர் இறுதியாண்டில் ஆய்வுக் கட்டுரை எழுதுவது நெடுங்கால வழக்கம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போன்ற இடங்களில் அது தமிழில் எழுதப்படுகிறது. ஓர் ஊரின் கோயில் வரலாறு, ஒரு பகுதியின் கூத்து மரபு, இடப்பெயர்கள் என்று மாணவர்கள் தம் ஊரையே பொருளாக எடுத்துக்கொள்வது அங்கே இயல்பு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் நீண்ட போரில் ஊர்களே இடம்பெயர்ந்தன. அத்தகைய நிலத்தில், ஒரு மாணவர் சொந்த ஊர் முதியவரிடம் கேட்டு எழுதி வைத்த நாற்பது பக்கத்துக்கு, மதிப்பெண்ணுக்கும் பட்டத்துக்கும் அப்பால் ஒரு பயன் வந்துவிடுகிறது. பிழையாக எழுதப்பட்டிருந்தாலும் கூட.

எழுதித் தரும் மென்பொருள்கள் 2022 இறுதியிலிருந்து எல்லோர் கைக்கும் வந்துவிட்ட பிறகு, முப்பது பக்கம் சீரான உரைநடை எதற்கும் சான்றில்லை. இதனால் ஆய்வேடே செத்துவிட்டது என்று பேசுபவர்கள் அதன் பாதியை மட்டும் பார்க்கிறார்கள். வாரந்தோறும் நெறியாளர் அறைக்குப் போய், போன வாரம் சொன்னதை ஏன் மாற்றினேன் என்று சொல்ல வேண்டியிருப்பவருக்கும், நான்கு பேர் நடுவில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருப்பவருக்கும் அந்த மென்பொருள் ஓரளவுக்குத்தான் உதவும். 1642இன் ஒற்றை வரி ‘தீசிஸ்’ திரும்பி வருகிறது என்றே சொல்லலாம். எழுதியதை வாயால் காக்கத் தெரிகிறதா என்பதே மீண்டும் தேர்வாகிறது. அதற்கும் மறுபடி ஆசிரியரின் நேரம்தான் வேண்டும்.

ரீட் கல்லூரி நூலகத்தில் ஆய்வேடுகளுக்கென்றே ஒரு கோபுரம் இருக்கிறது. அங்கே பட்டம் பெற்றவர்களின் ஆய்வேடுகள் எல்லாம் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. புகழ்பெற்றவருக்குத் தனி அலமாரி கிடையாது. பெரும்பாலானவற்றை எழுதியவரும் மதிப்பிட்ட நால்வரும் தவிர யாரும் முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும், இன்னும் கேள்வி கிடைக்காத புதிய இறுதியாண்டு மாணவர்கள் அங்கே வந்து பழைய ஆய்வேடுகளை உருவிப் பார்க்கிறார்கள். முதலில் பார்ப்பது எத்தனை பக்கம் என்பதை. அடுத்து நன்றியுரையை, நெறியாளர் எப்படிப்பட்டவர் என்பது அங்கேதான் தெரியும். அதன் பிறகுதான், நேரமிருந்தால், முதல் அத்தியாயம்.